ஒவ்வொரு மாதமும் "அந்த மாதம் மட்டும்"

கேள்வி: "நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். வீண் செலவு செய்யும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அப்படியும் 20ஆம் தேதி ஆனால் கணக்கில் எதுவும் இருப்பதில்லை. மீதி நாட்கள் கிரெடிட் கார்டில்தான் ஓடுகின்றன. நோட்டில் கணக்கு எழுதிப் பார்த்தேன், செல்போன் செயலியில் போட்டுப் பார்த்தேன், இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. இத்தனைக்கும் நான் போட்ட பட்ஜெட்டில் மிச்சம்கூட வருகிறது! வண்டி பழுதான மாதம் மட்டும் கையைக் கடித்தது. காப்பீட்டுத் தவணை வந்த மாதம் மட்டும் கடன் வாங்க வேண்டியதாயிற்று. பள்ளிக் கட்டணம் கட்டிய மாதம் மட்டும் திண்டாடினோம். ஊருக்குப் போய்வந்த மாதம் மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது. மற்றபடி சமாளித்திருப்போம். 50-30-20 விதியைப் பின்பற்றலாமா? பட்ஜெட் என்று பேச்செடுத்தாலே கணவர், 'என்னைக் கஞ்சனாக்கப் பார்க்கிறாய்' என்கிறார். இன்னொன்று, அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது?"
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு ஓராண்டு வங்கிக் கணக்கு விவரத்தையும் அனுப்பியிருந்தீர்கள். பெரும்பாலானோர் கவலையை மட்டும்தான் அனுப்புவார்கள். நீங்கள் கணக்கையும் அனுப்பியதால் என் வேலை எளிதாயிற்று. தொகைகளை இங்கே அப்படியே போடவில்லை. உங்கள் இருவரின் மாத வருமானத்தையும் சேர்த்து 100 பங்கு என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். படிக்கிற மற்றவர்களும் தங்கள் வீட்டுக் கணக்கைப் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம்.

கணக்கைத் திறப்பதற்கு முன்பே கடிதத்தில் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. நாலைந்து வரிகளுக்குள் "மட்டும்" என்று நான்கு முறை எழுதியிருக்கிறீர்கள். வண்டி மாதம் மட்டும், காப்பீட்டு மாதம் மட்டும், பள்ளி மாதம் மட்டும், பயண மாதம் மட்டும். ஆண்டில் இருப்பது பன்னிரண்டு மாதங்கள். அவற்றில் நான்கை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டீர்கள். உங்கள் வங்கி விவரத்தைப் பார்த்தால், சொல்லாமல் விட்ட விதிவிலக்குகள் இன்னும் நான்கு இருக்கின்றன. உங்கள் பட்ஜெட் பொருந்துகிற "சாதாரண மாதம்" போன ஆண்டில் எனக்குத் தென்பட்டவை நான்கே நான்கு.

இது உங்களுக்கு மட்டும் வரும் குழப்பம் அன்று. அபிகெயில் சஸ்மன், ஆடம் ஆல்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012இல் இதைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அன்றாடச் செலவை மனிதர்கள் ஓரளவு சரியாகவே கணிக்கிறார்கள். எப்போதாவது வரும் செலவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள், அதில் கூடுதலாகவும் செலவழிக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, இனி வரப்போவதில்லை என்பதுபோல் பார்ப்பதுதான் காரணம். பழுதான வண்டி அடுத்த ஆண்டு பழுதாகாமல் போகலாம். ஆனால் ஏதோ ஒன்று பழுதாகும்.

இப்போது கணக்கு. நீங்கள் எழுதிய மாதப் பட்டியல் இது: வாடகை 28, வீட்டுச் சாமான்கள் 22, மின்சாரமும் தண்ணீரும் எரிவாயுவும் சேர்த்து 6, தொலைபேசியும் இணையமும் 3, வண்டிக் கடன் 9, பிள்ளைகளின் பஸ்ஸும் தனிப்பயிற்சியும் 8, வேலைக்குப் போய்வர 7, பெற்றோருக்கு 5, கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 3, கைச்செலவு 4. கூட்டினால் 95. ஐந்து பங்கு மிச்சம் என்று நீங்கள் சொல்வதில் கூட்டல் பிழை எதுவும் இல்லை.

பட்டியலில் இல்லாதவற்றை நான் வங்கி விவரத்திலிருந்து பொறுக்கி எடுத்தேன். பள்ளிக் கட்டணம் இரண்டு தவணையாக 36. ஆயுள் காப்பீடு 24. வண்டிக் காப்பீடு 10. வண்டி பழுதுபார்ப்பு 14. மருத்துவமும் பல் சிகிச்சையும் 12. குளிர்பதனப் பெட்டி பழுது 8. ஊர்ப் பயணங்கள் 20. துணிமணி, அன்பளிப்புகள் 20. மொத்தம் 144. இதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 12.

ஆக உங்கள் உண்மையான மாதச் செலவு 95 அன்று, 107. ஐந்து மிஞ்சவில்லை, ஏழு துண்டு விழுகிறது. ஆண்டுக்கு 84. அது எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். ஓராண்டுக்கு முன் 35ஆக இருந்த கிரெடிட் கார்டு பாக்கி இன்று 80. இருவர் பெயரிலும் இருந்த சேமிப்பில் 20 கரைந்திருக்கிறது. கார்டில் ஏறிய வட்டியையும் நீங்கள் கட்டியதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், ஏறக்குறைய ஒத்துப்போகிறது. பணம் எந்த ஓட்டை வழியாகவும் ஒழுகவில்லை. வீட்டில் யாரும் ஊதாரியும் அல்லர். மாதத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஓர் ஆண்டை அளந்ததுதான் கோளாறு.

நோட்டு எழுதுவது ஏன் நிலைக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. தினம் இரவு சில்லறைச் செலவுகளை எழுதுவது, சில்லறை ஒழுகும் வீடுகளுக்கான மருந்து. உங்கள் வீட்டில் நோய் வேறு. இரண்டு வாரம் எழுதியும் அதில் பிடிபடுவதற்கு ஒன்றும் இல்லை, சலிப்புதான் மிஞ்சியது. உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ள வேண்டாம். சின்னச் சின்னச் செலவைச் சுருக்கினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு நெடுநாளாகவே பிணக்கு. உங்கள் இருவரின் கைச்செலவையும் முழுக்க நிறுத்தினாலும் 4 பங்குதான் கிடைக்கும், துண்டு விழுவது 7.

50-30-20 விதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேவைக்குப் பாதி, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கும் கடனடைப்புக்கும் 20 என்ற அந்தப் பங்கீடு, அமெரிக்காவில் அப்போது சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரன் தம் மகளோடு சேர்ந்து 2005இல் எழுதிய நூலிலிருந்து பரவியது. வரவு தாராளமாக உள்ள வீட்டுக்கு அது நல்ல நினைவூட்டல். உங்கள் வீட்டில் தேவைகளே 90ஐத் தாண்டி நிற்கின்றன; அந்தக் கட்டத்துக்குள் உங்களை அடைக்க முயன்றால் முதல் வாரமே மனம் விட்டுப்போகும். ஒரே விகிதம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து, வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் விகிதம் ஏறுகிறது என்று 1857லேயே காட்டினார். ஆகவே விதியை இப்போதைக்கு விடுங்கள்.

செய்ய வேண்டியது ஒன்றே. அந்த 144க்கு என்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். கார்டு இணைக்காத கணக்காக இருந்தால் நல்லது. சம்பளம் வந்த அன்றே, வாடகை போவதுபோல், ஒரு தொகை அதற்குள் போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று நினைத்தால், மிஞ்சாது. வண்டி பழுதானால் அந்தக் கணக்கிலிருந்து எடுங்கள், காப்பீட்டுக்கும் அதிலிருந்து எடுங்கள். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் வீட்டுக் கணக்குக்கென்றே ஓர் ஏடு வெளியிட்டார். அங்கிருந்து வளர்ந்து இன்று ககேபோ என்று உலகமெங்கும் பேசப்படும் முறையில், "எதிர்பாராதவை" என்பதற்கே தனிப் பத்தி ஒன்று உண்டு. எதிர்பாராதது என்று பெயரிட்டு, அதை எதிர்பார்த்து இடம் ஒதுக்கிவைக்கிறார்கள்! அந்த முரண் எனக்கு மிகவும் பிடிக்கும்.

"மாதம் 12 போடு என்று சொல்லிவிட்டீர்கள், இருப்பதோ 5" என்று நீங்கள் கேட்பீர்கள். சரிதான். இனிவரும் பகுதி கொஞ்சம் கடினம்.

முதலில் குறைக்க முடிந்தவை. வீட்டுச் சாமான்களை 22லிருந்து 20க்குக் கொண்டுவரலாம். உங்கள் விவரத்தில் மாதத்தின் முதல் ஐந்து நாட்களில் வாங்குவது கடைசி ஐந்து நாட்களைப்போல் மூன்று மடங்கு. கை நிறைய இருக்கும்போது வாங்குகிற அளவு தேவையின் அளவன்று. மின்சாரத்தையும் இணையத்தையும் சேர்த்து 9ஐ 8 ஆக்கலாம். மின்சாரத்தில் விளக்கை அணைத்து அணைத்து அலுத்துப்போக வேண்டாம். சூடாக்குகிற, குளிர்விக்கிற சாதனங்கள்தான் அலகுகளை விழுங்குகின்றன, அவற்றைக் கவனித்தால் போதும். இணையத்தில் இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரே சேவைக்குச் சந்தா போகிறது, பார்த்தீர்களா? இத்துடன் மாதச் செலவு 92 ஆகிறது. ஆண்டுச் செலவில் பயணத்தை 20லிருந்து 10 ஆகவும், துணியையும் அன்பளிப்பையும் 14 ஆகவும் குறைத்தால் 144 என்பது 128 ஆகும், மாதத்துக்கு 10.7. பயணத்தைப் பாதியாக்கச் சொல்வது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். அதனால்தான் முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை.

பெற்றோருக்குக் கொடுப்பதில் கை வைக்க வேண்டாம். பிள்ளைகளின் தனிப்பயிற்சி தேவையா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, நான் கருத்துச் சொல்லப் போவதில்லை.

இப்போது 92ம் 10.7ம் சேர்ந்து 102.7. இன்னும் 2.7 இடிக்கிறது. ஆனால் வண்டிக் கடன் இன்னும் ஏழு தவணையில் முடிகிறது என்று கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். எட்டாவது மாதத்தில் 9 பங்கு விடுபடுகிறது. அதுவரை ஏழு மாதத்துக்கு, மாதம் 2.7 வீதம், மொத்தம் 19 பங்கு மட்டும் எங்கிருந்தாவது வர வேண்டும்.

இங்கேதான் கணவருக்குத் தெரியாத அந்தச் சேமிப்பு வருகிறது. அதில் 30 பங்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டு பாக்கிக்கு மாதம் 3 விழுக்காடு வட்டி. வட்டிக்கு வட்டி ஏறினால் அது ஆண்டுக்கு 42 விழுக்காட்டுக்கும் மேல். உங்கள் சேமிப்புக்கு எந்த வங்கியும் அதில் ஒரு சிறு பகுதியைக்கூடத் தராது. ஒரு கையில் பணத்தைப் பொத்திவைத்துக்கொண்டு மறு கையால் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 30ல் 19ஐ எடுத்துத் தனிக் கணக்கில் முதல் நாளே போடுங்கள். அதன் மேல் மாதம் 8 சேர்ந்துவரும். மூன்றாவது மாதத்தில் உங்களுக்கு ஒரு கண்டம் இருக்கிறது: பள்ளிக் கட்டணத்தின் ஒரு தவணை 18, ஆயுள் காப்பீடு 24, இரண்டும் ஒன்றாக வருகின்றன. அப்போது கணக்கில் 43 இருக்கும், 42 போகும், 1 மிஞ்சும். நூலிழைதான். அதற்குள் வண்டி மறுபடி பழுதானால்? அதற்கு உங்களிடம் மீதமுள்ள 11 இருக்கிறது. அதுவும் போதாது என்று தோன்றினால், இந்த ஒரு முறை மட்டும் காப்பீட்டை ஆண்டுத் தவணைக்குப் பதிலாக அரையாண்டுத் தவணையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மொத்தத்தில் சற்றுக் கூடும், மூச்சு விட இடம் கிடைக்கும்.

கார்டில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை. நீங்கள் மாதம் கட்டும் 3 பங்கில் 2.4 வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 0.6தான். புதிதாக ஒன்றும் வாங்காமல் இதே 3ஐக் கட்டிக்கொண்டே போனால் கடன் தீர 55 மாதங்கள் ஆகும், கட்டி முடிக்கும்போது 80க்கு 163 கொடுத்திருப்பீர்கள். வண்டிக் கடன் முடிந்ததும் வேறு விதமாகச் செய்யுங்கள். முதல் ஏழு மாதம் 3 வீதம் கட்டுங்கள். பாக்கி 75 அளவுக்கு வரும். எட்டாவது மாதத்திலிருந்து 3க்குப் பதில் 9 கட்டுங்கள்; விடுபட்ட 9ல் மீதி 3 தனிக் கணக்குக்கு. பத்தே மாதத்தில் தீர்ந்துவிடும். ஆக மொத்தம் 17 மாதங்கள். வண்டித் தவணை முடிந்த மாதத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஒரு தாராளம் வரும். "இனி 9 பங்கு கூடுதல்தானே" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே வேலை கொடுத்தாகிவிட்டது என்பதை இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள்.

கட்டணங்களின் தேதி பற்றி ஒரு சொல். உங்கள் இருவரின் சம்பளமும் 5ஆம் தேதிக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் கார்டு, இணையம், வண்டிக் கடன் மூன்றும் 18க்கும் 22க்கும் இடையில் விழுகின்றன. 20ஆம் தேதி கணக்கு காலியாவதில் இதற்கும் பங்கு உண்டு. கேட்டால் தேதியை மாற்றிக் கொடுக்கிறவர்கள் பலர். 10க்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டால், மீதி இருப்பது உண்மையிலேயே செலவழிக்கக்கூடிய பணம் என்று கண்ணுக்குத் தெரியும்.

அப்படியும் ஒரு மாதம் போதாமல் போகலாம். அப்போது யாருக்கு முதலில் கொடுப்பது? இருபது ஆண்டுகளாக மற்றவர் வீட்டுக் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். பெரும்பாலானவர்கள் யார் சத்தம் போட்டுக் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கிறார்கள். நாளுக்கு நான்கு முறை தொலைபேசியில் அழைக்கிறவர் முதலில் வாங்கிப்போகிறார். வாடகையும் மருந்தும் மின்சாரமும் வேலைக்குப் போகும் செலவும் முதலில் வர வேண்டும். அடுத்து, கட்டாவிட்டால் பொருளை எடுத்துக்கொண்டு போகக்கூடிய கடன். கார்டு அதற்குப் பிறகுதான். அதே சமயம், சத்தமே போடாமல் காலாவதியாகிற ஒன்று உண்டு, காப்பீடு. இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிற நானே ஒரு முறை என் வண்டிக் காப்பீட்டின் தேதியை மறந்து, ஒன்பது நாட்கள் காப்பீடு இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். யாரும் அழைக்கவில்லை. அன்றிலிருந்து சமையலறைச் சுவரில் பன்னிரண்டு கட்டம் போட்ட தாள் ஒன்று தொங்குகிறது. எந்த மாதத்தில் எந்தப் பெரிய செலவு என்பது மட்டும் அதில் இருக்கும். உங்கள் வீட்டுக்கும் நோட்டுக்குப் பதில் இந்தத் தாளே போதும்.

இனி உங்கள் கணவர். கஞ்சன் ஆக்கப் பார்க்கிறாய் என்று அவர் சொல்வதில் எனக்கு வேறு ஒன்று கேட்கிறது. தினம் மாலையில் "இன்றைக்கு என்ன செலவு செய்தீர்கள்" என்று நோட்டோடு போய் நின்றதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் முகம் சுளிப்பார்கள். கைச்செலவு 4ஐ ஆளுக்கு 2 என்று பிரித்துவிடுங்கள். அவருடைய 2க்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுடையதற்கு நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு மாதம் ஒரு முறை போதும், அரை மணி நேரம், சம்பளம் வந்த வாரத்தில். கையில் காசில்லாத 25ஆம் தேதி பட்ஜெட் பேசினால் அது பட்ஜெட்டாக இருக்காது. அந்தச் சுவர்த் தாளை இருவருமாகச் சேர்ந்து நிரப்புங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் எழுதும்போது, போன ஆண்டு ஏன் திண்டாடினோம் என்பது அவருக்கே புரியும். நீங்கள் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்காது.

அந்த 30ஐ மறைத்தது தவறா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வி வரிகளுக்கிடையே நிற்கிறது. மாதாமாதம் துண்டு விழுகிற வீட்டில் ஒருவருக்குப் பயம் வருவதும், பயந்தவர் எங்காவது கொஞ்சம் பதுக்குவதும் புதிதன்று; கணக்குகளில் நான் அடிக்கடி பார்க்கிறேன், ஆண்களிடமும். ஆனால் 19 பங்கு திடீரென்று தனிக் கணக்கில் முளைத்தால் அவர் கேட்கத்தான் போகிறார். அதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். தாளை நிரப்பி, மூன்றாவது மாதக் கட்டத்தில் 42 என்ற எண்ணைப் பார்த்து அவர் திகைத்து உட்கார்ந்திருக்கும் அந்த நிமிடம்தான் தோதான நேரம். "இதற்கு என்னிடம் வழி இருக்கிறது" என்று தொடங்குங்கள். மீதி 11ம் இருக்கிறது என்று சேர்த்தே சொல்லுங்கள். அது உங்கள் பெயரிலேயே, அவசரத்துக்கென்று இருக்கட்டும். அதை அவர் மறுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது அவருக்குத் தனியாக ஒரு பதில் எழுதுகிறேன்.